சாயும் சுவரும் மூடாத கிணறும்: சொந்தக்காரரின் சட்டப் பொறுப்பு

கிராமத்தில் ஒரு சுவர் சாய்ந்து நிற்கிறது. சொந்தக்காரர் நாள்தோறும் அதைப் பார்க்கிறார். அண்டை வீட்டாரும் பார்க்கின்றனர். "இந்த மழைக்குத் தாங்காது" என்று திண்ணையில் பேசிக்கொள்கின்றனர். ஆயினும், அறுவடை முடியட்டும், கையில் நாலு காசு சேரட்டும் என்று காரியம் தள்ளிப் போகிறது. ஐப்பசி மழையில் ஓர் இரவு சுவர் விழுகிறது. அதன் அடியில் எவரும் இல்லையெனில் நஷ்டம் செங்கல்லோடு நிற்கும். எவரேனும் இருந்துவிட்டால்? விதி என்று சிலர் கூறுவர். சட்டம் அவ்வாறு கூறுவதில்லை.

இது கற்பனைக் கவலையன்று. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன்னர், கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், பெருமழையில் ஓர் உயரமான சுற்றுச்சுவர் அருகிலிருந்த வீடுகளின்மேல் சாய்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். சுவரின் சொந்தக்காரர் மீது போலீசார் வழக்குப் பதிவு செய்து அவரைக் கைது செய்தனர். ஒரு சுவர் விழுந்ததில் பல குடும்பங்கள் அழிந்தன. சொந்தக்காரரும் சட்டத்தின்முன் நிற்க நேர்ந்தது.

வீடும் களத்துமேடும் கிணறும் உடைய விவசாயிகளும், பொதுக் கட்டடங்களைப் பரிபாலிக்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் இப்பொறுப்பின் எல்லையை அறிந்திருத்தல் இன்றியமையாதது. அதனை ஒவ்வொன்றாக இங்கு ஆராய்வோம்.

அடிப்படை நெறி

நம் நாட்டில் இப்பொறுப்பை வகுத்துரைக்கும் தனிச் சட்டம் ஏதுமில்லை. இங்கிலாந்தில் 1957இல் அத்தகைய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நம் நீதிமன்றங்களோ, வழிவழியாக வந்த பொது நெறிகளையும் முன் தீர்ப்புக்களையும் கொண்டே வழக்குகளை முடிவு செய்து வருகின்றன. அந்நெறியைச் சுருங்கக் கூறின் இதுவே: தம் ஆதிக்கத்திலுள்ள இடத்தினால் பிறருக்குத் தீங்கு நேரக்கூடும் என்று முன்கூட்டி அறியத்தக்க நிலையில், விவேகமுள்ள ஒருவர் எடுக்கும் முன்னெச்சரிக்கையை ஒருவர் எடுக்கத் தவறினால், அதனால் விளையும் தீங்குக்கு அவர் நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர்.

இதிலிருந்து, எது நேரினும் சொந்தக்காரரே பொறுப்பு என்று கொள்ளலாகாது. அக்காலத்தில் வட ஆர்க்காட்டுப் பகுதியைச் சார்ந்திருந்த கார்வேட்டிநகரம் ஜமீனில், பெருமழையால் ஏரிகள் உடைந்து இரயில் பாதையின் பாலங்களைச் சேதப்படுத்தின. மதராஸ் இரயில்வே கம்பெனியார் ஜமீன்தார் மீது வழக்குத் தொடுத்தனர். அவ்வேரிகள் பண்டுதொட்டு மக்களின் வாழ்வுக்கு இன்றியமையாதவை, அவற்றைப் பரிபாலிப்பது ஜமீன்தாரின் கடமை, அக்கடமையில் அவர் அலட்சியமாக இருந்ததாகத் தெரியவில்லை என்று கண்ட பிரிவி கவுன்சில், 1874இல் அவர் நஷ்டஈடு தர வேண்டியதில்லை எனத் தீர்ப்பளித்தது. ஆகவே, சட்டம் கேட்பது ஏரி உடைந்ததா என்பதை மட்டுமன்று. காத்தவர் சரிவரக் காத்தாரா என்பதையும் கேட்கிறது.

பொறுப்பாளி யார்?

பட்டா யார் பெயரில் உள்ளது என்பது ஒன்றே முடிவான கேள்வியன்று. இடம் யாருடைய ஆதிக்கத்தில் இருக்கிறது, பழுது பார்க்கும் அதிகாரமும் கடமையும் யாரிடம் உள்ளன என்பவையே முக்கியமாகக் கவனிக்கப்படுகின்றன. ஒரு கடையைக் குத்தகைக்கு எடுத்தவர், அதன் வாயிலில் பலகை உடைந்து கிடக்க விட்டிருந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கூரையையும் சுவரையும் பழுது பார்ப்பதாகச் சொந்தக்காரர் ஒப்புக்கொண்டிருந்து, கூரை இற்று விழுந்தால் சொந்தக்காரர் தப்ப இயலாது. இருவரும் சேர்ந்து பொறுப்பாவதும் உண்டு. ஆதலின் குத்தகைப் பத்திரம் எழுதும்போதே, பழுது பார்ப்பது யார் கடமை என்று ஒரு வரி எழுதிவைத்தல் நலம்.

வருவோர் பலவகையினர்

நம் இடத்துக்கு வருவோர் அனைவரையும் பழைய நெறி ஒரே தட்டில் வைத்து நிறுப்பதில்லை. காரியத்தின் பொருட்டு வருவோர் முதல் வகையினர்: நெல் அரைக்க ஆலைக்கு வருபவர், கூலி வேலைக்கு வருபவர், பம்புசெட்டைப் பழுது பார்க்க வரும் தொழிலாளி ஆகியோர். இவர்களுக்காக எடுக்க வேண்டிய கவனம் மிகுதியானது. 1866இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கு இதற்குத் தக்க சான்று. லண்டனில் ஒரு சர்க்கரை ஆலைக்கு, எரிவாயு விளக்குகளைச் சோதிக்க ஒரு தொழிலாளி சென்றார். மேல்மாடித் தளத்தில், சர்க்கரையைத் தூக்குவதற்கென விடப்பட்டிருந்த திறப்பு ஒன்று வேலியின்றி இருந்தது. அவர் அதில் விழுந்து காயமுற்றார். அவர் ஆலையின் கூலியாள் அல்லர் எனினும், ஆலைக்காரியமாக வந்தவர். அறியாத ஆபத்திலிருந்து அவரைக் காப்பது ஆலைக்காரரின் கடமை என்று நீதிமன்றம் கூறியது. நம் ஊர் மாடித் தானியக் கிடங்குகளில் கைப்பிடியற்ற திறப்புக்கள் எத்தனை உள்ளன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

விருந்தினரும், தண்ணீர் எடுக்கவோ குறுக்கு வழியாகவோ நம் இசைவுடன் வருவோரும் இரண்டாம் வகையினர். வெளிப்படையாகத் தெரியாத ஆபத்து ஏதேனும் இருந்து, அது நமக்குத் தெரிந்திருக்குமாயின், இவர்களுக்கு அதனை எடுத்துச் சொல்லவேனும் நாம் கடமைப்பட்டவர்கள்.

பணம் வாங்கிக்கொண்டு மக்களைக் கூட்டும் இடங்களில் கடமை இன்னும் கடுமையாகிறது. 1997ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் டில்லியில் உபஹார் சினிமாக் கொட்டகையில் தீ மூண்டு 59 பேர் மாண்டனர். வெளியேறும் வழியை அடைத்துக் கூடுதல் நாற்காலிகள் போடப்பட்டிருந்தது அங்குக் கண்ட குறைகளுள் ஒன்று. 2011இல் சுப்ரீம் கோர்ட்டு, இறந்தவருள் 20 வயதுக்கு மேற்பட்டவருக்கு ரூ.10 லட்சமும், அவ்வயதுக்குட்பட்டவருக்கு ரூ.7.5 லட்சமும் நஷ்டஈடாக நிர்ணயித்தது. அதில் 85 சதவிகிதம் கொட்டகையாரையும், 15 சதவிகிதம் மின்சார வாரியத்தையும் சார்ந்தது. கிராமத்தில் கல்யாண மண்டபம் நடத்துவோர், பந்தியில் இடம் போதவில்லை என்று பின்வாசலை அடைத்துப் பந்தல் போடுமுன் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

அழையாது வந்தவரும் மனிதரே

"என் நிலத்தில் என் அனுமதியின்றி நுழைந்தவனுக்கு நான் ஏன் பொறுப்பாக வேண்டும்?" என்று கேட்போர் உளர். அத்துமீறி நுழைந்தவருக்கு மற்றவருக்கு உள்ள அத்தனை உரிமை இல்லை என்பது மெய்யே. ஆனால் அவருக்கென்று பொறி வைக்க எவருக்கும் உரிமையில்லை.

இதனைப் பீகாரிலிருந்து எழுந்த ஒரு வழக்கு தெளிவாக்கிற்று. ஒரு வீட்டின் கழிப்பறைச் சுவர் இடிந்துவிட்டது. மறைவின்றிப் போகவே, அவ்வீட்டார் பக்கத்து வீட்டுக்காரரின் கழிப்பறையைப் பயன்படுத்தலாயினர். அவருக்கு இது பிடிக்கவில்லை. வாய்ச்சொல்லால் தடுத்தும் பார்த்தார். பின்னர் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் உறையற்ற கம்பியைக் கட்டி அதில் மின்சாரம் பாய்ச்சினார். கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்ற எச்சரிக்கை ஏதும் வைக்கப்படவில்லை. ஒரு பெண் அதில் பட்டு உயிரிழந்தார். தம் உடைமையைக் காக்கும் உரிமையின்படியே அவ்வாறு செய்ததாக அவர் வாதாடினார். சுப்ரீம் கோர்ட்டு 1963இல் அவ்வாதத்தை ஏற்க மறுத்து அவருடைய தண்டனையை உறுதி செய்தது. அத்துமீறி நுழைந்தார் என்பதனாலேயே ஒருவர் சட்டத்தின் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

விவசாயிகளாகிய நாம் இதனை ஊன்றிப் படித்தல் வேண்டும். காட்டுப்பன்றிக்கு அஞ்சிக் கரும்புத் தோட்டத்தைச் சுற்றி மின்கம்பத்திலிருந்து நேரே கம்பி இழுப்பது சில ஊர்களில் நடைபெறுகிறது. அக்கம்பி பன்றியையும் மனிதரையும் வேறு பிரித்தறியாது. இரவில் மடை மாற்ற வந்த அண்டைக் காட்டுக்காரரோ, ஆடு தேடி வந்த சிறுவனோ அதில் பட்டால், பயிரைக் காக்கவே செய்தோம் என்ற விடை சட்டத்தின்முன் நில்லாது.

"எனக்குத் தெரியாது" என்பது விடையாகுமா?

இதுவே எல்லாவற்றினும் முக்கியமான கேள்வி. டில்லி சாந்தினி சௌக்கில் நகராட்சிக்குச் சொந்தமான மணிக்கூண்டு ஒன்று இருந்தது. ஒரு நாள் அது இடிந்து விழுந்து மூவர் மாண்டனர். அக்குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். "கோபுரத்தின் பழுது மறைவானது, வெளியே தெரியவில்லை. நாங்கள் என்ன செய்வோம்?" என்பது நகராட்சியின் வாதம்.

பொறியியல் நிபுணரின் சாட்சியமோ வேறு கதையைக் கூறிற்று. மணிக்கூண்டு கட்டி ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் பூசப்பட்ட சாந்தைக் கருதும்போது, விழுந்த மேல்தளத்தின் ஆயுள் 40 அல்லது 45 ஆண்டுகளே. சாந்து தன் பிடிப்பு முழுவதையும் இழந்து வெறும் பொடியாகிவிட்டிருந்தது. இவ்வளவு ஆண்டுகளில், வலுவிழந்ததா என்று கவனத்துடன் முறையாகச் சோதித்துப் பார்த்ததற்குச் சான்று ஏதுமில்லை.

1966இல் சுப்ரீம் கோர்ட்டு நகராட்சியே பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பிலிருந்து நாம் அறியத்தக்கவை இரண்டு. முதலாவது, நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் கட்டடத்தின் சொந்தக்காரர், அதன் பழுதை அறிந்திருந்தாலும் அறியாதிருந்தாலும், வெளிப்படையான பழுதாயினும் மறைவான பழுதாயினும், வழிப்போக்கருக்கு நேரும் தீங்குக்குப் பொறுப்பாவார். இரண்டாவது, நன்கு பேணப்படும் கோபுரம் தானாக விழுவதில்லை. அது விழுந்ததே அலட்சியத்துக்குச் சாட்சி. அலட்சியம் இல்லை என்று காட்டும் பாரம் சொந்தக்காரரையே சார்கிறது.

மரங்களுக்கும் இதே நெறியைப் பின்பற்றும் போக்கு உண்டு. 1964இல் டில்லியில் சாலையோரத்து மரக்கிளை முறிந்து, ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் மேல் விழுந்தது; அவர் இறந்தார். மரம் மாநகராட்சியின் பராமரிப்பில் இருந்தது. 1999இல் சுப்ரீம் கோர்ட்டு மாநகராட்சியின் பொறுப்பை உறுதி செய்தது. வழக்கு முடிவதற்கு 35 ஆண்டுகள் சென்றன. பட்டுப்போன கிளையை வெட்டியிருப்பின் அரை நாள் கூலியோடு முடிந்திருக்கும்.

ஆகவே, "தெரியாது" என்பது விடையாகாது. பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா என்பதே சட்டத்தின் கேள்வி.

குழந்தைகளும் கிணறுகளும்

பெரியவர்கள் விலகிச் செல்லும் ஆபத்தைக் குழந்தைகள் நாடிச் செல்வர். கிளாஸ்கோ நகரப் பூங்காவில் நச்சுப் பழச்செடி ஒன்று, வேலியோ எச்சரிக்கையோ இன்றி வளர்ந்திருந்தது. அழகிய பழத்தைக் கண்டு உண்ட 7 வயதுச் சிறுவன் இறந்தான். நகராட்சி இதற்குப் பொறுப்பாகும் என்று 1922இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை கூறியது. குழந்தைகள் வருவர் என்று தெரிந்த இடத்தில், குழந்தையின் கண்கொண்டு ஆபத்தைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு எச்சரிக்கைப் பலகை வேலியாகாது.

நம் கிராமங்களில் இத்தகைய ஆபத்துக்களுள் கொடியது கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு. 2019ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பயனற்றுக் கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நாட்கணக்கில் முயன்றும் காக்க இயலாமல், 29ஆம் நாள் சடலமே எடுக்கப்பட்டது.

இவ்வகை விபத்துக்களைத் தடுக்கச் சுப்ரீம் கோர்ட்டு 2010இலேயே கட்டளைகள் பிறப்பித்திருந்தது. அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

1. கிணறு தோண்டுவதற்கு 15 நாட்களுக்கு முன்னரே நிலச் சொந்தக்காரர் அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தோண்டும் கம்பெனி பதிவு பெற்றிருக்க வேண்டும்.
2. தோண்டும்போது முள்கம்பி வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும்.
3. குழாயைச் சுற்றித் தரைக்கு மேல் 0.30 மீட்டரும், தரைக்குக் கீழ் 0.30 மீட்டரும் உடைய சிமெண்டு மேடை கட்ட வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகடு கொண்டு மூட வேண்டும்.
4. கைவிட்ட கிணற்றைக் களிமண், மணல், கல் முதலியன கொண்டு அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும்.

கிராமப் பகுதிகளில் இவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பு கிராமப் பஞ்சாயத்துத் தலைவரிடமும் விவசாய இலாகா அலுவலரிடமும் ஒப்படைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பஞ்சாயத்துக்களுக்கெனக் கிணறு தோண்டுதல் பற்றிய பாதுகாப்பு விதிகள் 2015இல் வகுக்கப்பட்டன. சாக்கைச் சுற்றிக் கல்லை வைத்து மூடுவது மூடுவதாகாது.

பஞ்சாயத்தும் ஒரு சொந்தக்காரரே

சமுதாயக் கூடம், மேல்நிலை நீர்த்தொட்டி, நூலகம், அங்கன்வாடி, சுடுகாட்டுக் கொட்டகை, தெருக் கிணறு ஆகியவற்றைப் பரிபாலிக்கும் பஞ்சாயத்து, மேற்கூறிய நெறிகளினின்று விலக்குப் பெற்றதன்று. டில்லி மணிக்கூண்டு வழக்கில் பிரதிவாதி ஒரு நகராட்சியே என்பதை மறத்தலாகாது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த நிகழ்ச்சியும் நம் நெஞ்சைவிட்டு அகலாதது. நிதி போதவில்லை என்பது பல பஞ்சாயத்துக்களின் உண்மையான குறையே. ஆனால் இடிக்க நிதி இல்லையெனினும், கட்டடத்தைப் பூட்டி, முள்வேலி இட்டு, அருகே எவரும் செல்லாதபடி செய்ய நிதி வேண்டுவதில்லை, மனமே வேண்டும்.

விபத்துக்கு முன்னரே பரிகாரம்

அண்டை வீட்டுச் சுவர் சாய்ந்து நிற்கிறது. சொல்லியும் அவர் கேட்கவில்லை. இந்நிலையில் விபத்து நேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு இதற்கு வழி வகுக்கிறது. விழுந்து தீங்கு விளைக்கக்கூடிய கட்டடத்தையோ மரத்தையோ அகற்றவும், பழுது பார்க்கவும், முட்டுக்கொடுக்கவும், பாதையை ஒட்டிய கிணறு, குளம், பள்ளம் ஆகியவற்றுக்கு வேலியிடவும் சொந்தக்காரருக்கு உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக மாஜிஸ்டிரேட்டுக்கு உண்டு. நம் மாநிலத்தில் கோட்டாட்சியரும் தாசில்தாரும் இவ்வதிகாரம் உடையவர்கள். பஞ்சாயத்தின் தீர்மானத்துடன், புகைப்படமும் இணைத்து மனுக் கொடுத்தால் காரியம் விரைவில் கைகூடும்.

குற்றமும் தண்டனையும்

நஷ்டஈடு ஒருபுறம் இருக்க, அலட்சியம் குற்றமும் ஆகும். 2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டுவரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கலாம். பழைய சட்டத்தில் இது இரண்டாண்டாகவே இருந்தது. கட்டடத்தை இடிக்கும்போதோ, கட்டும்போதோ, பழுது பார்க்கும்போதோ, அது விழுந்து மனித உயிருக்கு ஆபத்து நேராதபடி தக்க பாதுகாப்புச் செய்யத் தவறுவதே 290ஆம் பிரிவின்படி குற்றம். எவருக்கும் காயம் படவில்லை என்பது இப்பிரிவுக்கு விடையாகாது. ஆறு மாதம்வரை சிறையோ, ரூ.5,000வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

துன்புற்றோர் செய்யத்தக்கவை

விபத்து நேர்ந்துவிட்டால் முதற்கண் மருத்துவ உதவி. அடுத்து, போலீசில் புகார் செய்து முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுதல். இடத்தை மாற்றுமுன் புகைப்படம் எடுத்தல், சாட்சிகளின் பெயரைக் குறித்தல், மருத்துவச் செலவின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துதல் ஆகியவை வழக்குக்கு உயிர்நாடி. காயத்துக்கான வழக்கைப் பொதுவாக மூன்றாண்டுக்குள் தொடர வேண்டும். மரணம் நேர்ந்தால், கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் பொருட்டு 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இரண்டாண்டுக்குள் தொடர வேண்டும். அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுக்குமுன் இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும். பொது அமைப்புக்களின் மீதான சில வழக்குகளுக்குக் கெடு இன்னும் குறுகலாம். ஆதலின் காலந்தாழ்த்தாமல் வழக்கறிஞரை நாடுதல் நலம். பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் முதலியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தாலுகா சட்டப் பணிகள் குழுவின் மூலம் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

காயமுற்றவரின் சொந்தக் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணமாக இருந்தால், அந்த அளவுக்கு நஷ்டஈடு குறையும் என்பதையும் அறிதல் வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவது

ஆவணி மாதத்தில், மழைக்கு முன், பழுது பார்க்க அவகாசம் உள்ளபோதே ஒரு முறை. தை மாதத்தில், மழை ஓய்ந்தபின் மற்றொரு முறை: ஆண்டுக்கு இரு முறை நம் வீடு, கொட்டில், களம், கிணறு, மரம், மின்கம்பி ஆகிய அனைத்தையும் சுற்றிப் பார்ப்போம். சுவரில் புதிய விரிசல் உண்டா, உத்தரத்தில் செல் அரித்துள்ளதா, கிணற்றுக் கைப்பிடிச்சுவர் நிற்கிறதா, பழைய குழாய் மூடியுள்ளதா என்று நோக்குவோம். பஞ்சாயத்துக்கள் தத்தம் கட்டடங்களைப் பொறியாளரைக் கொண்டு சோதிக்கச் செய்து, கண்டதையும் செய்ததையும் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். நாளை ஒரு நாள் நீதிமன்றத்தில், நாங்கள் கவனமாகவே இருந்தோம் என்று காட்ட அந்நோட்டு உதவும். ஆனால் அதன் பெரும்பயன் வேறு: முறையாகப் பார்த்து எழுதும் ஊரில், நீதிமன்றம் செல்ல வேண்டிய நாள் வருவது அரிதாகும்.

சாய்ந்த சுவரைப் பார்த்துத் திண்ணையில் பேசியவர் அனைவருக்கும் அது விழும் என்று தெரியும். தெரிந்ததைச் செய்வதுதான் எஞ்சியிருப்பது. வரும் கிராமசபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து, ஊரிலுள்ள ஆபத்தான சுவர்கள், மூடாத கிணறுகள் ஆகியவற்றின் ஜாபிதா ஒன்றைத் தயாரிக்க அங்கத்தினர்கள் முன்வருவார்களாக.